ஒற்றைக் காலுறை

பூமியின் காய்ச்சலைத் தணிப்பதற்காக வானத்தில் வெண்துகள் தூவியவர்களுக்கு, அந்தத் துகள் எந்த மலையில் என்ன செய்யும் என்பது முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. கடற்கரை ஊர்கள் பிழைத்தன. சமவெளியில் கோடை தணிந்தது. பழனி மலையின் மேற்புறத்தில் இருந்த பூம்பாறையில் பனி விழத் தொடங்கியது. உறைபனி அந்த ஊருக்குப் பழக்கம்தான். விடியற்காலையில் பூண்டுத் தாளின் நுனியில் உப்புத் தூவியதுபோல் படிந்திருந்து, வெயில் ஏறியதும் போய்விடும். இப்போது வந்தது வேறு சாதி. முழங்கால் அளவுக்கு விழுந்து, வந்த விருந்தாளி எழுந்து போக மறுப்பதுபோல் தை மாதம் முழுவதும் உட்கார்ந்துவிடும்.

முதல் குளிர்காலத்தில் சாலை மூடிக்கொண்டபோது முகட்டுக்கு அப்பால் இருந்த கீழ்க்கோம்பையில் விஷக்காய்ச்சல் பரவியது. பூம்பாறையிலிருந்து ஆறு பேர் மருந்தை முதுகில் கட்டிக்கொண்டு, ஆனைமுதுகு என்ற முகட்டின் மேலேயே ஓடிச் சென்று கொடுத்துவிட்டு, சோலைக்காட்டு வழியாகத் திரும்பினார்கள். நாற்பது கிலோமீட்டர். அவர்கள் நினைவாகத்தான் ஆண்டுதோறும் தை மாதத்தில் அந்தப் பந்தயம் நடந்தது.

அந்தக் காலையில் ஓடுவதற்கு இருபது பேர் வந்திருந்தார்கள். மெதுவாக ஓடுபவர்கள் முதலிலும், வேகமானவர்கள் கடைசியிலுமாக, ஐந்து நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகக் கிளம்புவது வழக்கம். முதலாவதாகக் கிளம்ப வேண்டியவள் தவமணி. முப்பத்தொன்பது வயது, பூண்டு விவசாயி, நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே பந்தயத்தில் கணவனைப் பறிகொடுத்தவள். அவள் கோவிலுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே மண்டியிட்டு, பழைய காலுறை ஒன்றை அவள் பாதத்தில் சுருக்கமில்லாமல் ஏற்றிக்கொண்டிருந்தான் பெனடிக்ட். காலுறைகளைப் பராமரிப்பவன் அவன். அவள் கணவன் அழகுராசாவோடு ஒன்றாகப் படித்தவன்.

"கடைசியா ஒரு தடவை கேக்கறேன் மதினி. இது வேணுமா?"

"போட்டு விடுங்க தம்பி. கால் வெறைக்குது."

"வலது கால்ல இருக்கறது இந்த வருசத்துக் காலுறை. அதுக்குள்ள இருவத்தெட்டு வருசமா ஓடினவங்க எல்லாரோட அடியும் இருக்கு. எங்க கால் வைக்கணுமோ அந்தப் பக்கம் பாதத்துல ஒரு தட்டு தட்டும். கண்ணு தெரியாத மூட்டத்துல அத நம்பித்தான் ஓடணும். ஆனா எடது காலு..." அவன் நிறுத்தினான். "இதுல அழகு ஒருத்தன் அடிதான் இருக்கு. அன்னிக்குக் காலைலேருந்து அவன் விழுந்த வரைக்கும். பதிஞ்சத அப்படியே திருப்பிச் சொல்ற மாதிரி வச்சிருக்கேன். வழி ரெண்டும் ஒத்துப்போனா சரி. ஒத்துப்போகலேன்னா எந்தக் கால நம்புவீங்க?"

"அதத் தெரிஞ்சுக்கத்தான போறேன்."

"இன்னொண்ணு. பழசு இது. தூங்கிக் கெடந்தத இப்பத்தான் எழுப்பியிருக்கேன், இனிமே பாதத்துச் சூட்டுலதான் உசுரோட இருக்கும். காலு சில்லிட்டுப் போச்சுன்னா உள்ள இருக்கறது மொத்தமும் அழிஞ்சிரும். மறுபடி எடுக்க முடியாது."

தவமணி தலையசைத்தாள். அந்தக் காலுறை அவளிடம் இருப்பதே ஊருக்குத் தெரியாது. பந்தயத்தை முடித்தவர்கள் கோவில் வாசலில் பதித்திருந்த கருங்கல்லின் மேல் ஏறி நிற்பார்கள்; அவர்களுடைய அன்றைய அடிகள் அந்தப் படிக்கல்லின் வழியே பொதுத்தடத்தில் போய்ச் சேரும். பிறகு ஆண்டு முழுவதும் அந்தத் தடத்தை நம்பித்தான் செவிலியர் முகட்டைக் கடந்தார்கள். பிரசவ வலி கண்டவளைத் தொட்டிலில் தூக்கிப் போனவர்களும் கடந்தார்கள். மலையில் இறந்துபோனவரின் காலுறையை மட்டும் உடலோடு சேர்த்து எரித்துவிடுவார்கள். இறந்தவரின் அடிமேல் உயிரோடிருப்பவர் கால் வைப்பது பெரும் அவமரியாதை என்பது ஊரின் எண்ணம். அன்பினால் ஏற்பட்ட வழக்கம். அதனால் அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. அழகுராசாவின் சிதையில் தவமணி ஒரு காலுறையைத்தான் வைத்தாள். மற்றொன்றைப் பூண்டுச் சாடிக்குள் போட்டு மூடினாள். நான்கு ஆண்டுகளாக அந்தக் குற்றத்தைத் தனியே சுமந்தாள்.

அதைவிடப் பெரிய சுமை ஒன்றும் இருந்தது. மலையில் விழுந்தவர்களை ஊர் "தடம் மீறினவங்க" என்றது. தடம் தவறு செய்யாது. ஆகவே விழுந்தவர்தான் மீறியிருக்க வேண்டும். அழகுராசாவைப் பற்றி அப்படிச் சொல்வது எளிதாகவும் இருந்தது. பாறை மேல் வரையாடு நிற்பதைப் பார்த்தால் பாதையை விட்டுப் போய் வேடிக்கை பார்க்கிற ஆள் அவன். அதனால்தான் அன்று காலை அவள் வாசலில் மறித்து வாக்கு வாங்கினாள். "தடம் சொல்ற எடத்தத் தவிர ஒரு அடி வைக்க மாட்டேன், போதுமா?" என்று அவள் உள்ளங்கையில் அடித்துச் சொல்லிவிட்டுப் போனான். மூன்றாம் நாள் பள்ளத்தில் கிடைத்தான். அவன் வாக்கை மீறினானா என்ற கேள்வி நான்கு ஆண்டுகளாக அவளோடு சாப்பிட்டது, அவளோடு உறங்கியது. மீறியிருந்தால் அவனை மன்னிப்பதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. மீறவில்லை என்று சொல்வதற்குச் சாட்சி இல்லை.

"எறும்புக் கதை ஒண்ணு சொல்லவா?" என்றான் பெனடிக்ட், வாரை இறுக்கிக்கொண்டே.

"இப்பவா?"

"சின்னக் கதைதான். ஒரு குளத்துக்கு நடுவுல வாழ மட்ட ஒண்ணு பாலம் மாதிரிக் கெடந்துச்சு. எறும்புக அதுமேல போய் அக்கரையில இருந்த வெல்லத்த எடுத்துட்டு வந்துச்சுக. திரும்பி வந்ததுக எல்லாம் வாசனைய விட்டுட்டு வந்துச்சுக. வாசனை நாளுக்கு நாள் கூடுச்சு. இதவிட நல்ல வழி ஒலகத்துலயே இல்லேன்னு எறும்புக சொல்லிக்கிச்சுக."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். குளத்து மீனக் கேட்டிருந்தா வேற கதை சொல்லியிருக்கும்."

வெளியே மணி அடித்தது.

வாசலில் பந்தயக் குழுத் தலைவி சௌந்தரவல்லி நின்றிருந்தாள். எழுபது வயதை நெருங்கியும் முதுகு வளையாத அவளை ஊரே பெரியக்கா என்று அழைத்தது. "நாலு மணிக்கு மறு மணி அடிப்பேன். அதுக்கப்புறம் வந்தவங்க படிக்கல்லுல ஏறக் கூடாது. தெரியும்ல?"

"தெரியும் பெரியக்கா."

கடைசியாகக் கிளம்பவிருந்த சிங்கத்துரை தோள்களை உருட்டிக்கொண்டு சிரித்தான். மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து முதலில் வந்தவன் அவன். "மதினி, மெதுவாப் போங்க. போற வழியில கும்பிட்டுட்டுத் தாண்டிப் போறேன்."

"தாண்டறப்ப மூக்க ஒழுங்காச் சிந்திட்டு வா. என் மேல தெறிக்கப் போகுது," என்றாள் தவமணி. சிரிப்பொலி முதுகுக்குப் பின்னால் தேய, அவள் ஓடத் தொடங்கினாள்.

குளிர் மைனஸ் பதினான்கு. படிவயல்கள் வெள்ளைப் படிக்கட்டுகளாகக் கீழே இறங்கிக் கிடந்தன. கடைசி வேலியைத் தாண்டும்வரை இடது பாதத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் ஏமாறத் தொடங்கிய நேரத்தில், உள்ளங்காலின் ஓரத்தில் யாரோ விரல் நுனியால் தொட்டது போலிருந்தது. இன்னொன்று. இன்னொன்று. அதன் பிறகு, எதிர்பாராத இடத்தில், குதிகாலில் ஒரு சிறு தட்டல்.

அவள் ஓட்டம் தடுமாறியது.

இளவயதில் மூட்டை குதிரையிலிருந்து சரிந்து அழகுராசாவின் குதிகாலில் விழுந்திருந்தது. அதன் பிறகு மூன்று அடிக்கு ஒரு முறை அவன் இடது கால் ஒரு அரை அடியைக் கூடுதலாக வைக்கும். அவர்கள் வீட்டுப் பலகைத் தரையில் அந்த ஓசை கேட்டுத்தான் அவள் அடுப்பில் பாலை ஏற்றுவாள். புகைப்படம் அவனைக் காட்டியது. பதிவு செய்த குரல் அவனைப் பேசவைத்தது. இரண்டும் அவன் இறந்ததைத்தான் நினைவூட்டின. இந்த அரை அடி இறந்தவனுடையதாக இல்லை. அவள் பாதத்துக்கு அடியில், அவள் எடைக்குக் கீழே, மூன்று அடிக்கு ஒரு முறை அவன் நடந்துகொண்டிருந்தான்.

கண்ணீர் இமையிலேயே உறைந்தது. அதைக் கையுறையால் தட்டிவிட்டு ஓடினாள்.

ஆனைமுதுகின் மேல் ஏறியதும் மூட்டம் வந்து மூடியது. மேல், கீழ், முன், பின் எல்லாம் ஒரே வெண்மை. தன் முழங்காலே அவளுக்குத் தெரியவில்லை. வலது கால் சொன்னது. இடது கால் சொன்னது. இரண்டும் ஒன்றையே சொன்னன. பாறையைச் சுற்றும் இடத்தில் ஒன்றாகத் திரும்பின. சரிவில் ஒன்றாகக் குறுகின. ஒவ்வோர் அடிக்கும் அவள் நெஞ்சில் இருந்த ஒரு கல் இறங்கியது. இங்கே மீறவில்லை. இங்கேயும் மீறவில்லை. வரையாடுகள் நிற்கும் மொட்டைப் பாறையைக் கடந்தபோது இடது கால் ஒரே ஒரு கணம் தயங்கியது. அவன் நின்று பார்த்திருக்கிறான். பிறகு, வாக்குக் கொடுத்தது நினைவுக்கு வந்தவன்போல, தடத்தின் மேலேயே தொடர்ந்திருக்கிறான். அந்தப் பனிக்கு நடுவே தவமணி வாய்விட்டுச் சிரித்தாள்.

முகட்டின் உச்சியில் பனி கெட்டியாகி, தார்ச்சாலைபோல் ஓட வசதியாக இருந்தது. இரண்டு பாதங்களும் வலப்பக்கம் போகச் சொன்னன. முப்பது அடி போயிருப்பாள். இடது கால் சட்டென்று அடங்கியது.

தட்டல் இல்லை. அரை அடி இல்லை. ஒன்றுமே இல்லை.

வலது கால் மட்டும் போ, போ என்று தட்டிக்கொண்டே இருந்தது.

தூக்கிய காலை அவள் கீழே வைக்கவில்லை. மெல்லப் பின்னால் வைத்தாள். கைத்தடியை நீட்டி முன்னால் இருந்த பனியில் குத்தினாள். தடி ஒரு முழம் உள்ளே போனது. பிறகு எதிர்ப்பே இல்லாமல் பிடிவரைக்கும் இறங்கியது. அவள் அதை உருவியபோது துளைக்குள்ளிருந்து காற்று மேல்நோக்கி வீசியது.

அந்த நேரத்தில்தான் மூட்டம் சற்றே விலகியது. அவள் பார்த்ததை விவரிக்கப் பிறகு பலமுறை முயன்றாள், முடிந்ததில்லை. முகடு அவள் காலடியிலேயே முடிந்திருந்தது. அதற்கு அப்பால், இருபத்தெட்டு ஆண்டுகள் ஓடிய அந்த அகன்ற வெள்ளைச் சாலை, காற்று மலைக்கு வெளியே கட்டிவைத்த பனித் தாழ்வாரமாக ஆகாயத்தில் நீண்டு நின்றது. அதன் அடிப்புறம் நீலக் கண்ணாடிபோல் ஒளிர்ந்தது. அதற்கும் கீழே ஆயிரம் அடி ஆழத்தில் சோலைக்காட்டின் மேல் வெயில் விழுந்து, மரம் ஒவ்வொன்றும் வெள்ளி பூசியதுபோல் நின்றது. ஓசை இல்லை. கொல்லக்கூடிய ஒன்று இத்தனை அழகாக இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவள் கைகூப்பினாள், பயத்தாலா பக்தியாலா என்று அவளுக்கே தெரியவில்லை. பெருமூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. தடி குத்திய இடத்திலிருந்து கோடு ஒன்று ஓடியது. தாழ்வாரத்தின் ஒரு வீட்டளவு துண்டு அப்படியே பெயர்ந்து, அவசரமில்லாமல் கீழே போயிற்று. மூட்டம் மறுபடி மூடிக்கொண்டது.

மீனின் கதை அவளுக்கு இப்போது புரிந்தது. பனித் தாழ்வாரம் தாங்கிய ஆண்டுகளில் அதன் மேல் ஓடியவர்கள் ஊர் திரும்பிப் படிக்கல்லில் ஏறினார்கள். தாங்காத நேரத்தில் அதன் மேல் இருந்தவர்களை ஊர் எரித்துவிட்டது. விழுந்தவர்கள் பதினொரு பேர். ஒருவர்கூடத் தடம் மீறவில்லை. சொன்ன சொல் கேட்டதனால் விழுந்தார்கள்.

ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குள் பின்னால் பத்தொன்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாருடைய பாதத்திலும் போ, போ என்ற தட்டல்.

தவமணி திரும்பி, வந்த வழியை மறித்துக் கைகளை விரித்து நின்றாள். நின்றால் பாதம் சில்லிடும். பாதம் சில்லிட்டால் அழகுராசா அழிந்துபோவான். ஆகவே இடது காலால் பனியை மிதிக்கத் தொடங்கினாள். மூன்று மிதி, ஒரு அரை மிதி. மூன்று மிதி, ஒரு அரை மிதி.

முதலில் வந்த நால்வர் வயதில் மூத்தவர்கள், நின்று கேட்டார்கள், அவள் காட்டிய இடப்பக்கச் சரிவில், குறிஞ்சிப் புதர்களைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். ஐந்தாவதாக எல்லாரையும் முந்திக்கொண்டு, மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தவன் சிங்கத்துரை.

"வழிய விடுங்க மதினி."

"வழி இல்லடா. எடப்பக்கமாப் போ."

"என்ன வெளையாடறீங்களா? கால் ரெண்டும் நேராத்தான் போகச் சொல்லுது."

"சொல்லும். கேக்காத."

"நீங்களும் அவரு மாதிரியே தடம் மீறினா அதுக்கு நான்..." என்று தொடங்கியவன், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது புரிந்து நிறுத்தினான்.

தவமணி கோபப்படவில்லை. தரையிலிருந்து தேங்காய் அளவு பனிக்கட்டி ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "உன் காலு சொல்ற எடத்துல இதப் போடு."

அவன் உருட்டிவிட்டான். கட்டி இரண்டு முழம் உருண்டது, காணாமல் போனது. விழுந்த சத்தத்துக்காக இருவரும் காத்திருந்தார்கள். அது வரவே இல்லை. சிங்கத்துரையின் முகத்தில் மிச்சமிருந்த சிவப்பும் வடிந்தது. மூன்று ஆண்டுகளாக அவன் எதன் மேல் ஓடி முதலில் வந்தான் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"நான் நிக்கறேன். நீங்க போங்க மதினி," என்றான், குரல் இறங்கி.

"நீ போய்ச் சேந்தாத்தான் இந்தத் திருப்பம் கல்லுல ஏறும். எல்லாரும் மணிக்கு முன்னாடி போகணும். மறுத்துப் பேசறவங்கள மறிக்க வயசான முரட்டுப் பொம்பள ஒருத்திதான் லாயக்கு. ஓடு."

அவன் குனிந்து அவள் காலைத் தொட்டுவிட்டு ஓடினான். ஒன்றேகால் மணி நேரம் அவள் அங்கே நின்றாள். இடது காலை மிதித்து மிதித்துக் காப்பாற்றினாள். வலது காலை நினைக்க நேரமில்லை. கடைசி ஆள் இறங்கிப் போனபோது அவளது வலது பாதத்தின் விரல்கள் அவளுடையவையாக இல்லை.

அவள் பூம்பாறைக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலரை. ஊரே வாசலில் நின்றது. இரண்டு பேர் ஓடி வந்து தாங்கினார்கள்.

"மணி அடிச்சாச்சு தவமணி," என்றாள் சௌந்தரவல்லி. அவளைப் பார்க்காமல் சொன்னாள்.

"தெரியும் பெரியக்கா. நான் கல்லுல ஏற வரல." தவமணி உட்கார்ந்து, இடது காலின் காலுறையைக் கழற்றி, இன்னும் சூடாக இருந்த அதை இரு கைகளாலும் நீட்டினாள். "இது என் வீட்டுக்காரரோடது. எரிக்காம ஒளிச்சு வச்சிருந்தேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா இத ஏத்துங்க. அவரு கடைசி அடி வரைக்கும் தடத்துலதான் போயிருக்காரு. வாக்கு மாறல."

பெனடிக்ட் முன்னால் வந்தான். "பத்தொம்பது பேரும் ஒரே எடத்துல நின்னு எடப்பக்கம் திரும்பியிருக்காங்க பெரியக்கா. கல்லு அதப் பதிஞ்சிருச்சு. ஆனா இருவத்தெட்டு வருசத்து அடிக்கு முன்னால பத்தொம்பது அடி பத்தாது. அங்க போகாதன்னு சொல்றதுக்கு, போனவங்க வேணும்."

"செத்தவங்க அடிய மிதிக்கறதா?" என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்.

சௌந்தரவல்லி திரும்பித் தன் வீட்டுக்குள் போனாள். கோபம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். பதினொரு சிதைகளுக்கும் காலுறை வைத்தாயிற்றா என்று கேட்டுவிட்டுத் தீயைக் கையில் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். சற்று நேரத்தில் துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்றை மார்போடு அணைத்தபடி வெளியே வந்தாள். படிக்கல்லின் அருகே மண்டியிட்டு மூடியைத் திறந்தாள். உள்ளே துணியில் சுற்றிய ஒரு காலுறை.

"எந் தம்பி ஞானப்பிரகாசம். மொதல்ல விழுந்தவன்," என்றாள். "ஒண்ணத்தான் நெருப்புல வச்சேன்."

பிறகு கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒருத்தி விலகி, பனியில் சறுக்கியபடி வீட்டுக்கு ஓடினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. ஒரு கிழவர். அரிசிப் பானைக்குள்ளிருந்தும், சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும், தலையணை உறைக்குள்ளிருந்தும் அவை வந்தன. அவற்றைப் பெனடிக்ட் படிக்கல்லின் மேல் வரிசையாக வைத்தான். பதினொரு வீடு; பதினொரு காலுறை. எல்லாம் ஒற்றை. ஊரின் கண்ணுக்காக ஒன்றை எரித்துவிட்டு, தாங்கள் மட்டும்தான் இப்படிச் செய்கிறோம் என்று நம்பி, ஒவ்வொரு வீடும் மற்றொன்றை ஒளித்து வைத்திருந்தது.

தவமணியின் வலது காலில் மூன்று விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. பெனடிக்டுக்கு அந்த ஆண்டு முழுவதும் அதே வேலை. அழகுராசாவுக்கு முன்பே விழுந்தவர்களின் காலுறைகளில் அடிகள் நாள்பட அழிந்திருந்தன. ஆனால் எல்லாவற்றிலும் கடைசி அடி விழுந்த இடம் மட்டும் அழுத்தமாகத் தங்கியிருந்தது. அழகுராசாவுடையது மட்டுமே முழுதாகக் கிடைத்தது.

அடுத்த தையில் பந்தயம் நடந்தது. ஆனைமுதுகின் உச்சியில், ஒன்றும் தெரியாத வெண்மைக்கு நடுவே, ஓடியவர்கள் அனைவருடைய பாதங்களும் ஒரே இடத்தில் அடங்கின. யாரோ பலர் சேர்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது என்றார்கள். பிறகு இடப்பக்கம் ஒரு தட்டல்.

தவமணி அன்று ஓடவில்லை. வந்து சேர்பவர்களுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடியிலிருந்து முதன்முறையாக வந்திருந்த ஒரு பெண், நாலு மணி அடிக்கச் சற்று முன்னால் கடைசிச் சரிவில் இறங்கி வந்தாள். ஓசையைக் கேட்டுத் தவமணியின் கை அப்படியே நின்றது. மூன்று அடி, ஒரு அரை அடி. மூன்று அடி, ஒரு அரை அடி.

அந்தப் பெண் மூச்சிரைக்க வந்து பெஞ்சில் சரிந்தாள். "அக்கா, எடது காலுறையில ஏதோ கோளாறுன்னு நெனைக்கேன். சரியாத்தான் வழி காட்டுச்சு. ஆனா குதிகால்ல நடுநடுவுல சும்மா ஒரு தட்டு தட்டிக்கிட்டே வருது. பாத்துச் சரி பண்ணச் சொல்லுங்க."

தவமணி அவள் காலடியில் உட்கார்ந்து, உறைந்திருந்த வாரை மெல்ல அவிழ்த்தாள்.

"கோளாறு இல்லம்மா," என்றாள். "அவரு அப்படித்தான் நடப்பாரு."